சோளத்தட்டு இல்லாத கொட்டகை

கடத்தூருக்கு மேற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் மலர்விழியின் பிடிவாதம் ஊரறிந்தது. கணவர் பச்சியப்பன் பெங்களூரில் கட்டட வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வந்து போவார். ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தையும் ஒரு ஜெர்சிக் கலப்பு மாட்டையும் ஒண்டியாளாகக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். மழை பொய்த்த வருடங்களில் அந்த மாடு காய்ந்த சோளத்தட்டை மென்றே காலம் தள்ளியது. பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பாவமாக இருக்கும்.

போன வருடம் ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வந்தது. முதல் வேலையாகத் தீவனப்புல் நட்டாள். வரப்போரம் வேலிமசால் தீவனச் செடி விதைத்தாள். புல் மளமளவென்று வந்ததும், "இனிமே எம்மாட்டுக்குக் காஞ்சது கெடையாது" என்று ஊர் கேட்கச் சொல்லி, மிச்சமிருந்த தட்டுப்போரைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டாள். மூன்று வேளையும் இளம்புல். கறவைக்கு முன்னால் புண்ணாக்கு, தவிடு, மக்காச்சோள மாவு, ஒரு கை தாது உப்பு. கறவையும் ஒரு லிட்டர் ஏறியது. மலர்விழிக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் மாதம் வந்தது வினை. பால் சொசைட்டியில் செயலாளர் தமிழ்ச்செல்வன் கொழுப்பு அளக்கும் கருவியைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னான்: "அக்கா, கொழுப்பு ரெண்டு புள்ளி எட்டுதான் காட்டுது."

பால் ஊற்ற வரிசையில் பின்னால் நின்ற ஜாஸ்மின் சும்மா இருக்கவில்லை. "ஆடைய எடுத்து வெண்ணெ உருக்கிட்டு ஊத்துனா வேற எப்பிடிக் காட்டும்?"

வரிசையே சிரித்தது. தொடர்ந்து நான்கு நாள் அதே கதை. ஐந்தாம் நாள், கொழுப்பு போதாதென்று தமிழ்ச்செல்வன் பாலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். வீடு வந்து சேரும்வரை அடக்கிவைத்திருந்த அழுகை கொட்டகையில் உடைந்தது. பால் போனால் போகட்டும். பன்னிரண்டு வருடம் நின்ற வரிசையில் திருடி என்ற பெயரோடு நிற்பதா? அதற்கு மாட்டையே விற்றுவிடலாம் என்று நினைத்தாள்.

அன்று மாலையே தமிழ்ச்செல்வனுக்குப் போன் போட்டாள். "தம்பி, காலைல எங்க வூட்டுக்கு வாங்க. ஒங்க கண்ணு முன்னால கறக்கறேன். அந்த ஜாஸ்மினையும் கூட்டியாங்க."

இருவரும் வந்தார்கள். மடி வற்றக் கறந்து கேனை அவர்கள் கையிலேயே கொடுத்தாள், அதற்கப்புறம் தொடவில்லை. தமிழ்ச்செல்வன் சொசைட்டிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். இரண்டு புள்ளி எட்டு!

திரும்பி வந்தவன் நேராகத் தீவனத் தொட்டிக்குப் போனான். "எல்லாம் பச்சையா இருக்குது. தட்டு எங்கக்கா?"

"அத எதுக்குப் போடணும்? காஞ்சதத் தின்னு அது பட்ட பாடு போதாதா?"

"மாடு அசை போடுதா?"

மலர்விழி மாட்டைத் திரும்பிப் பார்த்தாள். படுத்திருக்கும் மாட்டின் தாடை அசைந்து பார்த்து எத்தனை நாளாகிறது? சாணியும் சில வாரமாகத் தண்ணீராகத்தான் போகிறது. இளம்புல்தானே என்று விட்டுவிட்டாள்.

தமிழ்ச்செல்வன் தொட்டியைக் காட்டிச் சொன்னான்: "புண்ணாக்கு புரதத்துக்கு, சோள மாவு தெம்புக்கு, தாது உப்பு எலும்புக்கும் சினைக்கும். எல்லாம் சரியாத்தான் போடறீங்க. ஆனா நார்ச்சத்து வேணுங்க. இளம்புல்லுல முக்காவாசி தண்ணி. தட்ட மென்னு அசை போட்டாத்தான் பால்ல கொழுப்பு ஏறும்."

பாவம் பார்த்துத்தான் நிறுத்தினாள். அந்தப் பாவமே இப்படித் திருப்பி அடிக்கும் என்று யார் கண்டது?

மொரப்பூர்ப் பக்கமிருந்து ஒரு வண்டி தட்டு வந்து இறங்கியது. நறுக்கிய தட்டைப் பாதிக்குப் பாதி புல்லோடு கலந்து போட்டாள். மூன்றாம் நாள் மாடு படுத்துக்கொண்டு நிதானமாக அசை போட்டது. மலர்விழி பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்தாம் நாள் சொசைட்டியில் கருவி நான்கு புள்ளி ஒன்று காட்டியது.

ஜாஸ்மின் நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள். "என்னிய மன்னிச்சிரு அக்கா. வாய் சும்மா இருக்கல."

மலர்விழி கையை இழுத்துக்கொள்ளவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? இவங்ககிட்ட சொல்லு."

ஜாஸ்மின் தன் கேனைக் கீழே வைத்தாள். பிறகு வரிசையைப் பார்த்துத் திரும்பி, கடைசியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மலர் அக்கா ஆடை எடுக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. மலர்விழி காலிக் கேனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.