கிளியைப் பற்றி எழுதினேன்

போன வியாழக்கிழமை கேரள எல்லை தாண்டி வண்டன்மேட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வேறு எந்த முகத்தோடு போக?

மூன்று வாரம் முன்பு இதே பக்கத்தில் ராசம்மா அக்காவின் கிளியைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுத்து எடுத்தே முதுகு வளைந்த மனுஷி. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் திருப்பூரில். தோட்டத்து நிழல் மரங்களைக் கவாத்து செய்தபோது, வெட்டிய கொம்போடு விழுந்த குஞ்சை முந்தானையில் எடுத்து வந்து வளர்த்தார். அதற்கு அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு கேள்விதான் — "ராசம்மா, சாப்டியா?"

தன்னைக் கேட்க ஆளில்லாத கேள்வியைக் கிளிக்குச் சொல்லிக்கொடுத்து, தினமும் அதற்குப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல மேட்டர் கிடைக்குமா? படத்தோடு, ஊர்ப் பேரோடு எழுதித் தள்ளினேன். போன் மேல் போன். "கண்ணு கலங்கிடுச்சு சார்" என்றார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! எழுதும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை. அந்தப் பத்தி வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றி, ஃபாரஸ்ட் ஆபீஸ் வரைக்கும் போய்விட்டது.

ஜீப்பில் மூன்று பேர் வந்தார்களாம். அதட்டவில்லை, கேஸும் போடவில்லை. "நியமம் அப்படியாக்கும் அம்மச்சி, நாங்க என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, கூண்டோடு எடுத்துப் போய்விட்டார்கள். காட்டில் விட்டுவிடுவார்களாம். அவர்கள் வேலையை அவர்கள் செய்தார்கள். தப்பு செய்தது நான்.

நான் போனபோது அக்கா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டியில் முந்தின நாள் கஞ்சி தொடாமல் அப்படியே இருந்தது. "என்னாலதான்க்கா..." என்று ஆரம்பித்தேன்.

"அட, விடுங்க சார். வேணும்னேவா செஞ்சீக?" என்றார். அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார். "அதுக்கு எரை தேடத் தெரியாது சார். பருந்தக் கண்டா ஒளியத் தெரியாது. மனுசக் குரல் கேட்டாப் போதும், யாரு தோள்லயும் வந்து உக்காந்துக்கும்..."

நாய்க்குட்டி ஒன்று கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"வேணாம் சார். எனக்கு அறுவத்தொம்பது ஆச்சு. எனக்குப் பெறகு அது யாரு வாசல்ல போயி நிக்கும்?"

எழுந்துவிட்டேன். வாசல் வரை வந்தவர் கேட்டார்:

"மறுபடியும் என்னப் பத்தி எழுதுவீகளா சார்?"

"சத்தியமா மாட்டேன்க்கா."

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"எழுதுங்க சார். போன தடவ நீங்க எழுதுனதாலதான மூணு பேரு வந்தாக! பாலு இல்ல, கட்டஞ்சாயா போட்டுக் குடுத்தேன். உக்காந்து குடிச்சாக. அம்மச்சி அம்மச்சின்னு பேசுனாக... இந்த வீட்டுக்கு ஆளு வந்து எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

எழுதிவிட்டேன். யாராவது போய்ப் பாருங்கள்... இனி அந்த வீட்டிலிருந்து எடுத்துப் போக ஒன்றும் இல்லை.