துரைசாமி பார்த்துச் சொன்னால்

துரைசாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. தோ பாயோவில் மூவறை வீடு, கல்யாணம் ஆகவில்லை, ஈசூன் பக்கம் பேருந்து ஓட்டுகிறான். இதெல்லாம் குற்றமில்லை. வேலை இல்லாத நேரமெல்லாம் தொலைக்காட்சியில் கார்ட்டூனும் நகைச்சுவைத் தொடரும் பார்க்கிறான். அதுவும் குற்றமில்லை. பார்த்ததைப் பற்றி என் கடைக்கு வந்து அபிப்பிராயம் சொல்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் காதர் மைதீன். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், தொலைக்காட்சிப் பாத்திரங்களின் படம் போட்ட குஷன், குவளை, சாவிக்கொத்து, பொம்மை விற்கிறேன். கல்லாவில் என் மனைவி முனீரா. எந்தச் சரக்கு ஓடும் என்று இருபது வருடமாக என்னைத்தான் கேட்பாள். துரைசாமி வந்து கெடுத்தான்.

'முள்ளப்பன்' என்ற கார்ட்டூனில் ஆரம்பித்தது. மேலெல்லாம் முள்ளாக இருக்கும் டுரியான் பழம்தான் அதில் கதாநாயகன். அதன் பஞ்சு பொம்மையை நாலு பெட்டி எடுக்க இருந்தேன். துரைசாமி ஒன்றை வாங்கி அழுத்திப் பார்த்தான்.

"முன்னெல்லாம் இவன் யாரைக் கட்டிப்பிடிச்சாலும் குத்தும் பாய், அதான் சிரிப்பே. இப்ப பொம்மை விக்கணும்னு கார்ட்டூன்லயே முள்ளை மழுங்கடிச்சுட்டாங்க. பிள்ளைங்க ஏமாறாது லா."

முனீரா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பெட்டிகளை வேண்டாம் என்று திருப்பிவிட்டாள். பக்கத்துக் கடைக்காரர் எடுத்தார். இன்றைக்கும் அங்கே தூசி படிந்து கிடக்கின்றன.

அதிலிருந்து எந்தச் சரக்குப் பட்டியல் வந்தாலும் துரைசாமி அண்ணன் வரட்டும் என்பாள். அவனுக்கு ஓய்வு செவ்வாய்க்கிழமை. ஆக, செவ்வாய் வரை என் கடை காத்திருக்க வேண்டும். மறைத்து என்ன, பொறாமைதான். நல்ல முற்றிய பொறாமை.

இரண்டு மாதத்துக்கு முன் 'ஒன்பதாம் மாடி' தொடரின் குஷன்கள் விற்பனைக்கு வந்தன. அதில் ஜம்பம் அடிக்கிற கணவன் ஒருவன், வாயே திறக்காத காவல்காரர் ஒருவர். காவல்காரர் படம் போட்டதை எடுக்கச் சொன்னான் துரைசாமி. கணவனின் ஜம்பம் புளித்துவிட்டதாம், காவல்காரர் லிஃப்ட் பக்கம் திரும்பினாலே சனம் சிரிக்கிறதாம். முனீரா தலையாட்டினாள். மறுநாள் அவள் தஞ்சோங் பகாரில் தங்கை வீட்டுக்குப் போன நேரம் பார்த்து, அத்தனையும் கணவனாகவே எடுத்துவிட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. குஷன்களைக் கடையின் பின்பக்கம் அடுக்கினாள். மூன்று வாரத்தில் ஒன்றுகூட நகரவில்லை.

"இனிமே சரக்கு விஷயத்தை அண்ணன்கிட்டயே கேட்டுக்கிறேன். நீங்க சிரமப்படாதீங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

என் ஒரே நம்பிக்கை, துரைசாமி எங்காவது தப்பு செய்வான் என்பது. அவனைப் பிடிப்பதற்காகவே அந்த வாரத் தொடரை முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். கணவன் வந்தது இரண்டே காட்சி, இரண்டும் அறுவை. காவல்காரர் லிஃப்ட் பக்கம் திரும்பினார். நான் சிரித்துவிட்டேன்.

செவ்வாயன்று துரைசாமி வந்தான். பின்பக்கத்து அடுக்கைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். பிறகு முனீராவிடம் திரும்பினான்.

"நான்தான் தப்பாச் சொல்லிட்டேன் தங்கச்சி. போன வாரம் பாருங்க, தொடரே புருஷன் கையிலதான் இருக்கு. பாய் சரியாத்தான் எடுத்திருக்காரு. இதைத் தூக்கி முன்னால வைங்க."

பச்சைப் பொய். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் பொய் என்று நான் எப்படிச் சொல்வது?

முனீரா அன்றே குஷன்களை வாசலுக்குக் கொண்டுவந்தாள். வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். இரண்டு வாரத்தில் அடுக்கு காலியானது. அன்று கடையை மூடும்போது என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எவ்வளவு நல்லாத் தெரியுதுன்னு, துரைசாமி அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.