இதுல மான் விழுமா?

துப்பாக்கிக் கடைக்கு முதல் தடவையாக வருகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், லைசென்ஸை எதற்கென்று வாங்கியிருந்தாலும், சுற்றி வளைத்து ஒரே கேள்விக்குத்தான் வந்து நிற்பார்: "இதுல மான் விழுமா?"

துணிக்கடையிலோ செருப்புக் கடையிலோ கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கியவர்களுக்கு என் பாடு புரியும். நீங்கள் "சாயம் போகாதுங்க" என்று சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். நானோ "மான் சுட்டா ஜெயிலுங்க" என்று சொல்லிவிட்டு, அதே ஆளிடம் வியாபாரமும் பண்ண வேண்டியிருந்தது.

எனக்கு ஊர் மரக்காணம். சுனாமித் தண்ணீர் அப்பா வேலை பார்த்த உப்பளத்தில் சேற்றைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன வருஷம் அவருக்கு வேலை தொடங்குவது தள்ளிப் போனது. நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கோட்டக்குப்பத்தில் ஜமால் பாய் வைத்திருந்த துப்பாக்கிக் கடையில் கணக்கு எழுத ஆள் கேட்டார்கள் என்று போனேன். போன கொஞ்ச நாளில் அங்கே விற்பனைக்கு நின்றவர் விசா கிடைத்து துபாய்க்குப் பறந்துவிட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் நீயே நில்லும்மா" என்றார் பாய். புது ஆள் வரவே இல்லை. ரெட்டைக் குழல் துப்பாக்கியை மடக்கும்போது விரல் மாட்டி நகம் கறுத்தது. கறுத்த நகத்தோடு தினமும் கடை திறந்ததும் ஒவ்வொன்றாக எடுத்து மடக்கி, நிமிர்த்தி, தோளில் வைத்துப் பழகினேன். நகம் விழுந்து புதிது முளைப்பதற்குள் கடையில் இருந்த எல்லாத் துப்பாக்கிகளும் என் கைக்குப் பழகிவிட்டன.

கடைக்காரரு எங்க?

கவுண்டரில் நிற்கிற என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "கடைக்காரரு எங்கம்மா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். "நான்தாங்க, சொல்லுங்க" என்பேன். அப்படியும் சிலர் பாய் தொழுகை முடித்து வருகிறவரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். பாய் வந்ததும் என்னையே கையைக் காட்டிவிடுவார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வருவார்கள்.

அப்படி உட்காராமல் நேராக என்னிடம் வந்தவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டையர் ஆனவர். பேங்கில் செக்யூரிட்டி வேலை கிடைத்திருந்தது. சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்களாம். ரைஃபிளிலேயே பழகியவர், குழல் அளவை வைத்துப் பன்னிரண்டு போர் என்று சொல்கிற ரவைத் துப்பாக்கியைச் சொந்தமாக வாங்குவது அதுதான் முதல் தடவை. எடையைப் பார்த்தார், குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பேங்க் வாசலில் நாள் முழுக்க நிற்பதற்குக் குட்டைக் குழல்தான் தோது என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார். பில்லை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பட்டாளத்துல துப்பாக்கியும் குடுத்து சம்பளமும் குடுத்தாங்கம்மா. இங்க வேலைக்குப் போறதுக்கு நான் சீர் கொண்டு போறேன்."

வெளிநாட்டுப் புத்தகம்

துபாயிலிருந்து லீவில் வந்த ஒருத்தர் வழவழப்பான வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். பக்கத்துக்குப் பக்கம் ரைஃபிள். கொம்பு வைத்த மான் ஒன்று, பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருத்தர். "மொத மொதலா மான் வேட்டைக்குப் போறவனுக்கு எந்த போரு நல்லதுன்னு இதுல எழுதியிருக்குது. இந்த நம்பர் வேணும்" என்று விரலை வைத்தார். லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார்.

நான் நிதானமாகச் சொன்னேன். அந்த ஊரில் அது சட்டம், அதற்கென்று ஒரு பருவம், பர்மிட் எல்லாம் இருக்கிறது. நம்ம ஊரில் மான் மேல் கை வைத்தால் ஜாமீன் கிடைப்பதே பெரும்பாடு. துப்பாக்கி லைசென்ஸுக்கு கலெக்டர் ஆபீஸில் மனுப் போட்டு, போலீஸ் வந்து விசாரித்து, எல்லாம் முடிவதற்குள் உங்கள் லீவு முடிந்துவிடும். அவருடைய முகம் தொங்கிப் போனது. வெறுங்கையோடு போக மனசில்லாமல் தகர டப்பா சுடுகிற ஏர்கன் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க உம்மா வீட்டுக்குள்ள உடலீங்க. மானும் வேணாம் மயிலும் வேணாம், மொதல்ல கறிக்கடைக்குப் போய்ட்டு வாடான்றாங்க."

தோள் யாருடையது?

மல்லிகா அக்காவுக்கு மரக்காணத்துக்கு மேற்கே உள்ளடங்கிய ஊர். வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மணிலாக் கொட்டை, போட்ட நிலத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போக, விரட்டப் போன அவர் புருஷனைப் பன்றி முட்டித் தள்ளிவிட்டது. இடுப்பு எலும்பு விலகி அவர் கட்டிலோடு கிடந்தார். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸை அக்கா தன் பெயரிலேயே கேட்டு, கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கியிருந்தார். சத்தம் போட்டு விரட்டத்தான் துப்பாக்கி, பன்றியைச் சுடுவதற்கும் தனியாக அனுமதி வேண்டும் என்று சொன்னேன். "அது போனாப் போதும்மா. எனக்கு அதோட கறியா வேணும்?" என்றார்.

கூட வந்த கொழுந்தனார்தான் பிரச்சினை. கண்ணாடி அலமாரியில் இருப்பதிலேயே நீளமான ரெட்டைக் குழலைக் காட்டி, "அத எடும்மா. வாங்குறது வாங்குறோம், கெத்தா இருக்கட்டும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அக்கா தோளில் வைத்தார். தோளில் சாய்க்கிற பின்கட்டை நீளம், விரல் விசைக்கு எட்டவில்லை. குழல் முனை தரையைப் பார்த்துச் சாய்ந்தது. ஒற்றைக் குழல் ஒன்றை எடுத்தேன். எடை குறைவு, ஆனால் அதிலும் கட்டை கொஞ்சம் நீளம்தான். ஆசாரியிடம் கொடுத்து அளவுக்குக் குறைத்துத் தருகிறேன் என்றேன். எடை குறைந்த துப்பாக்கி வெடிக்கும்போது தோளில் பலமாக எத்தும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அதனால் உள்ளே ஈய ரவை குறைவாக இருக்கிற லேசான தோட்டா போதும், சத்தத்துக்கு ஒன்றும் குறைவில்லை.

கட்டையைக் குறைத்து வந்த பிறகு அக்கா டம்மித் தோட்டா போட்டுப் பழகுவதற்கென்றே பஸ் ஏறி வந்தார். கடைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்று, எடுப்பதும் தோளில் சாய்ப்பதும் இறக்குவதுமாக மூச்சு வாங்கும் வரை செய்வார். கொழுந்தனார் கடைசி நாள் வரைக்கும் ரெட்டைக் குழலையே பார்த்துக்கொண்டு, "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல அண்ணி, மாத்திக்கலாம்" என்றார். அக்கா துப்பாக்கியை இறக்கிவிட்டுத் திரும்பினார். "சுடப் போறது நான். தோள் என்னுது. ஒன் தோளுக்கு வேணுன்னா நீ தனியா ஒண்ணு வாங்கிக்கோ."

யார் பாத்தியில் நிற்கிறான்?

இதுவரைக்கும் சொன்னது சிரித்துவிட்டுப் போகிற சமாச்சாரம். இது அப்படி இல்லை.

தனசேகரன் எங்கள் ஊரில் பெரிய உப்பள முதலாளி. அப்பா பாத்தி மிதித்து உப்பு வாரியது அவரிடம்தான். ஒரு நாள் கடை வாசலில் அவருடைய ஜீப் வந்து நின்றது. பாய் சென்னைக்குப் போயிருந்தார். லைசென்ஸை நீட்டினார். உயிர்ப் பாதுகாப்புக்கு என்று முறையாக வாங்கிய லைசென்ஸ். அதற்கு ஏற்ற மாதிரி குட்டையான ரெட்டைக் குழலை எடுத்து வைத்தேன். கையால் ஒதுக்கினார்.

"இது நாய் வெரட்டவா? பையனுக்கு நிச்சயதார்த்தம் வருது. சம்பந்தி வீட்டுக்கு மான் கறி போடுறதா சொல்லிட்டேன். ரிசர்வ் காட்டு ஓரமா சாயங்காலத்துல மேயுதாம். முந்நூத்திப் பதினஞ்சு ரைஃபிளா, இல்ல பன்னெண்டு போர்ல பெரிய ரவையா, எது தோது? நான் கத்துக்குட்டி, நீதான் சொல்லணும்."

எனக்குப் பதில் தெரியும். எவ்வளவு தூரத்துக்கு எது, எந்தத் தோட்டா என்று மனப்பாடமாகச் சொல்லுவேன்.  "மானுக்குன்னு கேட்டா எதையும் சொல்ல மாட்டேங்க. அதுக்குன்னு தெரிஞ்சு விக்கவும் மாட்டேன்" என்றேன். அவர் முதலில் சிரித்தார். நான் ரெட்டைக் குழலை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டியதும் சிரிப்பு நின்றது. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மாரிமுத்து பொண்ணுதானே நீ? ஒங்கப்பன் யார் பாத்தியில நிக்கிறான்னு வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்து பதில் சொல்லு."

பரக்கத்

மறுநாள் காலையில் அப்பா போனபோது மேஸ்திரி வரப்பிலேயே நிறுத்தி, "ஒனக்கு இனிமே வேலை இல்லன்னுட்டாரு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சூடு ஏறி உப்பு நன்றாக விளைகிற நேரம். அம்மா சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள். அப்பா இரண்டு நாள் வீட்டிலேயே இருந்தார். நான் போய் தனசேகரனிடம் மன்னிப்புக் கேட்டுவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா சொன்னார்: "நீ எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? ஒன் பஸ்ஸுக்கு நேரமாவுது, கெளம்பு." அதற்கு அடுத்த நாளே ஊருக்கு வடக்கே வேறொருவர் பாத்தியில் வேலை கேட்டுச் சேர்ந்துகொண்டார். நடை தூரம் அதிகம்.

சென்னையிலிருந்து வந்த பாய்க்கு விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்தார். "வந்த பரக்கத்தை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டியேம்மா!" என்றார். பரக்கத் என்றால் அவருக்கு ஆண்டவன் கொடுக்கிற பெருக்கம். நான் விடவில்லை. நாளைக்கு மானோடு பிடிபட்டால் துப்பாக்கி எங்கே வாங்கியது என்றுதான் முதலில் கேட்பார்கள், நம்ம கடை லைசென்ஸ் போய்விடும், வேண்டுமானால் என்னை நிறுத்திவிட்டு நீங்களே கூப்பிட்டு விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். பாய் டீ வரவழைத்துக் குடித்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "மானுன்னு அவரு வாயாலயே சொன்னாரா? சொல்லிட்டாருல்ல? அப்ப நீ செஞ்சதுதான் சரி. மனுசன் சொல்லாம வாங்கியிருந்தா நமக்கும் வியாபாரம், அவருக்கும் மரியாதை."

உப்புக் காற்று

தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். 2006 தேர்தலுக்கு எங்கள் கடையில் இடம் கொள்ளவில்லை. அந்தக் கூட்டத்தில் தனசேகரனும் நின்றார். வேறு ஊரில் போய் அவர் நினைத்த ரைஃபிளையே வாங்கியிருந்தார். நான் உறையைப் பிரித்தேன். உள்ளே குழல் முழுக்கச் செம்மண் பூசிய மாதிரி துரு. தோட்டா போடுகிற அடைப்பைத் திறக்கவே முடியவில்லை. உப்பளத்து மோட்டார் கொட்டகைச் சுவரில் அலங்காரமாக மாட்டி வைத்திருந்தாராம். கடல் காற்றும் உப்பும் சேர்ந்து ஒரு மழைக்காலத்திலேயே அதைத் தின்றுவிட்டன. ஒரு தோட்டாகூட வெடித்துப் பார்க்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு ஆட்டுக்கறிதான் போட்டாராம்.

எங்கள் கரையில் முதல் துப்பாக்கி வாங்குகிறவர் எந்த போர் என்று யோசிப்பதற்கு முன்னால் எந்த எண்ணெய் என்று யோசிக்க வேண்டும். வாரா வாரம் துடைத்து, எண்ணெய் போட்டு, ஈரம் கோக்கிற உறைக்குள் போட்டு வைக்காமல், உப்புக் காற்று படாத அலமாரியில் வைக்க வேண்டும். இதை நான் எல்லோருக்கும் சொல்லுவேன். அவருக்கும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். போகும்போது, "ஒங்கப்பன வரச் சொல்லு, அவன மாதிரி பாத்தி மிதிக்க ஆள் கெடைக்கல" என்றார். வீட்டில் சொன்னேன். அப்பா "இருக்கட்டும்" என்றதோடு சரி, போகவில்லை. ஆனால் அன்றைக்கு தனசேகரன் துருப்பிடித்த ரைஃபிளைத் தடவிக்கொண்டே சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மா, எண்ணெய் போடணும்னு வித்தவன் ஒரு வார்த்தை சொல்லலியே!"

ஓட்டு இல்லாதவர்கள்

அதே வாரம் மல்லிகா அக்காவும் துப்பாக்கியோடு வந்தார். எண்ணெய் மின்னியது. சாயங்காலத்தில் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் பன்றிக் கூட்டம் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறதாம். புருஷன் கோல் ஊன்றி நடக்கிறாராம். மணிலா காய் பிடிக்கிற நேரத்தில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுப் போக அக்காவுக்கு மனசே வரவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றேன். தேர்தல் முடிந்த மறுநாளே முதல் ஆளாகத் தருகிறேன், அதுவரைக்கும் பட்டாசு வெடியுங்கள், தகரம் தட்டுங்கள் என்றேன். ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கியவர் திரும்பி நின்று கேட்டார்: "நான் துப்பாக்கிய ஒப்படைச்சிட்டேன், சரி. பன்னிங்கள யாரும்மா ஸ்டேஷன்ல வந்து ஒப்படைக்கிறது?"

எந்தத் துப்பாக்கி எதற்கு ஆகும் என்று சொல்லுவதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், எதற்கு ஆகாது என்று சொல்லிவிட்டு அதே கவுண்டரில் மறுநாளும் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.