தூள் அறை

பாலசுப்ரமணியன் கர்நாடக மாநிலத்தைக் கற்களாகவே அறிந்திருந்தார். பெங்களூரில் பாறைகளைப் பகுப்பாய்வு செய்யும் ஓர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, 2018-இல் ஓய்வு பெற்றவர் அவர். புவியியலாளர்கள் ஊர் ஊராகச் சென்று உடைத்தெடுத்த கற்கள், எண் எழுதிய துணிப்பைகளில் அவர் மேசைக்கு வந்து சேரும். பீதரின் செம்புரைக்கல், பெளகாவியின் எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல், குல்பர்காவின் சுண்ணாம்புக்கல், பாதாமியின் மணற்கல், சண்டூரின் இரும்புத்தாது, ராமநகரத்தின் ரோஜா நிறக் கிரானைட், கோலாரின் வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு, பெங்களூரின் அடியிலேயே கிடக்கும் வரி வரியான நைஸ் பாறை என்று எதையும் பையைப் பிரித்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். ஆனால் பெங்களூரையும், ரயில் சன்னல் வழியாகப் பார்த்த ராமநகரத்துக் குன்றுகளையும் தவிர, இவற்றில் ஓர் இடத்தையும் அவர் நேரில் கண்டதில்லை.

கல்லை அப்படியே ஆராய முடியாது. முதலில் அதை நொறுக்கி, முகத்துக்குப் போடும் பவுடரைப் போல் மாவாக்க வேண்டும். அதற்கென்று ஒரு தனி அறை இருந்தது. எல்லோரும் அதைத் தூள் அறை என்பார்கள். கண்ணாடிக் கதவுக்கு இப்பால் அமர்ந்து எடை போடுவதும் குறிப்பெழுதுவதும் பாலசுப்ரமணியனின் வேலை. அப்பால் எந்திரத்தோடு நின்றவள் தனக்கோடி. மர்பி டவுனிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவள். காகிதத்தில் அவள் துப்புரவுப் பணியாளர். துடைப்பத்தை அவள் தொட்டது முதல் மாதத்தில் மட்டும்தான்.

"சண்டூரு கல்லு அரைச்சா நான் மாரியாத்தா சார், குல்பர்கா கல்லு அரைச்சா பவுடர் பூசின புது மருமக" என்று கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பாள். தலைமுடி, இமை, புடவை எல்லாம் அன்றைய மாவட்டத்தின் நிறத்தில் இருக்கும். எடை போடும் இடத்தில் சிரித்து மூச்சு விடக்கூடாது என்பதால் பாலசுப்ரமணியன் தட்டை மூடிக்கொண்டு சிரிப்பார்.

2010-இல் ஒரு சிக்கல் வந்தது. ஒரே கல்லை இரண்டாக உடைத்து, வெவ்வேறு எண்ணிட்டு அனுப்பிச் சோதித்தார்கள். விடைகள் ஒத்துவரவில்லை. மேலிடத்திலிருந்து காட்டமான கேள்வி வந்தது. பாலசுப்ரமணியன் பதினெட்டு நாள் ஒவ்வொரு படியாகச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். சுவரிலிருந்த எக்ஸாஸ்ட் ஃபேன், தூளில் எடை குறைந்த, மைக்கா எனப்படும் காக்காப்பொன் செதில்களை மட்டும் தேர்ந்தெடுத்தாற்போல் இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. எஞ்சிய தூள் அந்தக் கல்லாக இருக்கவில்லை. எந்திரம் ஓடும்போது ஃபேன் ஓடக்கூடாது என்று அவரே விதி எழுதி, தமிழிலும் கன்னடத்திலும் சுவரில் ஒட்டினார். சன்னலையும் சாத்தச் சொன்னார். அதன்பின் விடைகள் இரண்டாம் தசமத்தானம்வரை ஒத்தன. அவருக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. தனக்கோடிக்குத் துணி மாஸ்க் இரண்டு வந்தது.

அந்த அறையில் அவள் அதன்பின் பதினொரு ஆண்டுகள் நின்றாள்.

அவள் சந்தாபுராவில் அவருடைய வீட்டைத் தேடிக்கொண்டு வந்தது கடந்த ஆனி மாதத்தில். மாடிப்படி பன்னிரண்டையும் ஏற அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. வாசலில் நின்றவளைப் பாலசுப்ரமணியனுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. நாற்பத்தாறு வயதுக்காரியின் தோள்பட்டை எலும்பு ரவிக்கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"டி.பி.ன்னு ஆறு மாசம் மாத்திர குடுத்தாங்க சார். அப்புறம் இன்னொரு எட்டு மாசம். சும்னே முழுங்கினு இருக்கேன், ஒண்ணும் கேக்கல. இப்ப ஒரு புது டாக்டரம்மா வந்துக்குறாங்க. என்னா வேல செஞ்சேன்னு கேட்டாங்க. ஆபீஸ்ல கூட்டற வேலன்னு சீட்டுல இருக்கு. இல்ல மேடம், கல்லு அரைச்சேன்னேன். அப்ப எழுதி வாங்கினு வா, எழுதினவரையும் கூட்டினு வான்ட்டாங்க."

"எழுதித் தரேம்மா. நானே வரேன்" என்றார்.

அன்று மாலையே கோடு போட்டுக் கட்டம் கட்டி எழுதினார். எந்த ஆண்டு, எந்த வட்டாரத்துப் பாறை, ஏறத்தாழ எத்தனை கிலோ, அதில் குவார்ட்ஸ் நூற்றுக்கு எவ்வளவு என்றெல்லாம் வரிசையாக. பாதாமி மணற்கல்லுக்கு நேரே தொண்ணூற்றைந்து என்று எழுதும்போது பேனா நின்றது. அந்த மணற்கல்லை ஒன்றரை ஆண்டு தொடர்ந்து அரைத்திருந்தார்கள். குவார்ட்ஸ் தூள் நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்று கல்லூரிப் பாடத்திலேயே ஒரு பத்தி உண்டு.

அவருடைய மனைவி சரளா காபியை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்துப் படித்தாள்.

"ஃபேனை நிறுத்தினது இதுல இல்லையே?"

"கேட்டது கல்லைப் பத்தித்தான்."

"ஒரு மில்லிகிராம் தப்பினா ராத்திரி சாப்பாடு இறங்காது உங்களுக்கு. இப்போ ஒரு ஃபேனே காணாமப் போயிடுத்தே" என்றாள் சரளா. தம்முடைய பெயர் ஒரு கோப்பில் ஏறுவதை, அந்தப் பாராட்டுக் கடிதத்தின் தேதியையும் இவளுடைய நோயையும் யாரோ ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதை, அவர் மனம் ஏற்கவில்லை. காகிதத்தில் ஃபேனைச் சேர்க்காமலேயே கையெழுத்திட்டார்.

அரசு மருத்துவமனையில் டாக்டர் லவினா காகிதத்தை இரண்டு முறை படித்தார். மங்களூர்ப் பக்கத்துக்காரர்; தமிழைத் திருத்தமாகவே பேசினார். நெஞ்சின் எக்ஸ்-ரே படத்தைச் சுவரிலிருந்த வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். இரு நுரையீரலிலும் மேல்பாகம் முழுவதும் கடுகு இறைத்தாற்போல் புள்ளிகள்.

"சளியில ஒரு தடவைகூட டி.பி. கிருமி கிடைக்கல. நான் சந்தேகப்படறது வேற. ஆனா இந்த அளவுக்குப் படியணும்னா தூசி அறையிலேயே நின்னிருக்கணும். தூசியை இழுக்க அங்கே ஏதாவது இருந்ததா?"

தனக்கோடி பாலசுப்ரமணியனைப் பார்க்கவில்லை. "இருந்துச்சு மேடம். பெரிய ஃபேனு" என்றாள்.

"ஓடுமா?"

"ஓடும் மேடம்."

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "நல்லா ஓடியிருந்தா இந்தப் படம் இப்படி வராதே. அப்போ மறுபடியும் டி.பி. பக்கம்தான் யோசிக்கணும். வேற மருந்து, கொஞ்சம் கடுமையான ஊசி, அதையும் பார்த்துடலாமா..." என்று பேனாவை எடுத்தார்.

தம்மைக் காப்பதற்காகவே அவள் பொய் சொல்கிறாள் என்பது பாலசுப்ரமணியனுக்குப் புரிந்தது. அந்தப் பொய்க்கு விலையாக இன்னும் பல மாதம் அவள் உடம்பில் ஊசி ஏறும் என்பதும் புரிந்தது.

"ஓடலை, டாக்டர்" என்றார். "பதினொரு வருஷமும் எந்திரம் ஓடும்போது ஃபேன் ஓடலை. சன்னலும் சாத்தியிருந்தது. நான்தான் நிறுத்தச் சொன்னேன். எழுதி ஒட்டினதும் நான்தான்."

"ஏன்?"

"தூள் குறையக் கூடாதுன்னு."

டாக்டர் லவினா எழுதத் தொடங்கினார். எழுதி முடித்து, தனக்கோடியின் பக்கம் திரும்பி, நிதானமாகச் சொன்னார். இது கல்தூள் படிந்த நுரையீரல், சிலிகோசிஸ் என்பார்கள். டி.பி. மாத்திரையை நிறுத்திவிடலாம். ஊசியும் வேண்டாம். மூச்சுக்கு மருந்து தரலாம், சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளலாம், பின்னால் ஆக்ஸிஜன் தேவைப்படும். படிந்ததை வெளியே எடுக்க வழியில்லை.

"கல்லு அங்கியே இருக்குமா மேடம்?"

"இருக்கும்மா."

பிறகு அவர் பாலசுப்ரமணியனைக் கேட்டார்: "இப்போ அந்த அறையில யாராவது இருக்காங்களா?"

"விஜின்னு ஒரு பெண். மூணு வருஷமா."

"அவங்களையும் படம் எடுக்கச் சொல்லுங்க. ஃபேனை இன்னிக்கே போடச் சொல்லுங்க."

பாலசுப்ரமணியன் நடைகூடத்தில் நின்று ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்தார். அவருடைய நாற்காலியில் இப்போது இருப்பவர் நரேஷ், மரியாதை தெரிந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, "சார், அது நீங்க போட்ட ரூல்தானே. ரிசல்ட் எவ்ளோ க்ளீனா வருது தெரியுமா? ஃபேனைப் போட்டா மறுபடி மைக்கா போயிடும், மேல யாரு பதில் சொல்றது? நீங்க லெட்டரா குடுங்க சார், பாக்கலாம்" என்றார். இரைச்சலாயிருந்தது. பின்னால் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

"லெட்டரை நானே கொண்டு வரேன். அதுவரைக்கும் எந்திரத்தை நிறுத்து, நரேஷ்."

"சித்ரதுர்கா சாம்பிள் நாளைக்குக் குடுக்கணும் சார்" என்றார் நரேஷ்; போனை வைத்துவிட்டார்.

தனக்கோடி வெளியே பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். படம் இருந்த பெரிய உறையைப் பாலசுப்ரமணியன் கையில் வைத்திருந்தார்.

"நீ ஏம்மா ஃபேன் ஓடித்துன்னு சொன்னே?"

"உங்க பேரு கெட்டுப்போவும்னு. நீங்க ஒண்ணும் கெட்டவரு இல்லியே." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். இரண்டு பேருந்துகள் போயின. "சார், ஒண்ணு கேக்கறேன். அந்தத் தூளு உள்ள போனா என்னா ஆவும்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்பவே விரும்பினாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"படிச்சிருக்கேன்" என்றார். "தெரியும்."

தனக்கோடி தலையை ஆட்டினாள். சிவாஜி நகர்ப் பேருந்து வந்து நின்றது. ஏறுவதற்குத் துணையாக அவர் கையை நீட்டினார். அவள் அவருடைய மறுகையிலிருந்த உறையை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நீங்க வராதீங்க சார். நான் போய்க்கிறேன்."

மூன்று படிதான். ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறினாள். பின்னாலிருந்தவர்கள் "பேகா ஹத்தம்மா" என்று கன்னடத்தில் சீக்கிரம் ஏறச்சொல்லி அவசரப்படுத்தினார்கள். பேருந்து திரும்பும்வரை பாலசுப்ரமணியன் அங்கேயே நின்றார். பிறகு சாலையைக் கடந்து, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் பேருந்துக்காக எதிர்ப்புறம் நின்றார். மணி இரண்டரை. அங்கே எந்திரம் ஐந்து வரை ஓடும்.