செட்டி என்ற சொல்லுக்குப் பொருள்

மலாக்கா, காஜா பேராங். மெர்டேக்கா, நாட்டின் விடுதலை, வந்து சில மாதங்களே ஆகின்றன. குடியுரிமைப் பதிவுக்காக ஒரு பள்ளிக்கூடத்தில் மேசை போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய் மலாய்-தமிழ் அகராதி விற்கும் நான், பஸ் வரும்வரை வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே நிற்கிறேன்.

மேசைக்கு முன்னால் மலாய் பேசும் பழைய செட்டிக் குடிகளின் ஊரான கம்போங் செட்டியைச் சேர்ந்த ஒரு தச்சர். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். பதிவு செய்யும் தமிழ்க் குமாஸ்தா அகராதியைப் புரட்டுகிறார். போன மாதம் நான் அவருக்கு விற்றதுதான்.

"செட்டின்னா வியாபாரத்துக்கு இந்தியாவிலேர்ந்து வந்தவர்னு போட்டிருக்கு. கப்பல்ல வந்ததுக்கான சூராட், அத்தாட்சிக் கடிதம், எங்க?" என்று கேட்டுவிட்டு அதையே மலாயிலும் சொல்கிறார்.

"நான் எந்தக் கப்பலிலும் வரவில்லை, துவான்," என்று தச்சர் மலாயில் சொல்கிறார். "என் பாட்டனுக்குப் பாட்டனும் இந்தத் தெருவில்தான் பிறந்தார்."

"புத்தகத்துல அப்படி இல்லையே."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. மேசைக்குப் போகிறேன்.

"இதை உங்களுக்கு வித்தவன் நான். எழுதினவரு இந்த ஊர்ல கால் வச்சதே இல்ல. தப்பா எழுதியிருக்காரு. இவரு முன்னாடி நிக்கிறாருல்ல, இவரைக் கேட்டு எழுதுங்க."

குமாஸ்தா நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார்.

"தப்புன்னு தெரியுமா? அப்புறம் எதுக்கு வித்தீங்க?"

தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். குமாஸ்தா தச்சரின் மனுவை எடுத்து, அந்நியர்களின் மனுக்களோடு வைத்துக் கட்டுகிறார்.