ஒப்தூலியாவின் ஏழு மரங்கள்

பராச்சோ ஊரில் கிட்டார் செய்யாத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் மலைக் கிராமத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒப்தூலியா, பதினோரு வருடம் கிட்டாருக்கு வேலை செய்தும் முழுக் கிட்டாரை மடியில் வைத்துப் பார்த்ததில்லை. செலெரினோ மேஸ்திரியின் பட்டறைப் பின்னறையில் மரச்சீவல்களை மயிரிழையாய் நறுக்கி, பூக்கோலமாய் ஒட்டி, கிட்டாருக்கு அலங்கார வளையம் செய்வாள். அது எங்கே போய்ப் பதிகிறது என்பதெல்லாம் முன்னறைக்காரர்கள் பாடு.

அந்த வருட ஆகஸ்டுத் திருவிழாவின் கிட்டார் செய்யும் போட்டியில் மேஸ்திரிக்குப் பரிசு கிடைத்தது. "வளையம் அபாரம். யார் கைவேலை?" என்று நடுவர் கேட்டார். "என் கைதான்" என்றார் மேஸ்திரி.

கூட்டத்திலிருந்த ஒப்தூலியாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அது நான் செஞ்சது."

மேஸ்திரி கிட்டாரைத் தூக்கி, கழுத்துக்கும் தலைக்கும் நடுவிலிருந்த வெள்ளைத் துண்டைத் தொட்டார். "இதுக்குப் பேரு என்ன, சொல்லு பாப்போம்."

அவளுக்குத் தெரியவில்லை.

"பேரே தெரியாதவ செஞ்சாளாம்" என்றார். ஊரே சிரித்தது.

மறுநாளே வேலையை விட்டாள். ஒரு வான்கோழியைக் கொடுத்துக் கோயில் பாடகர்களின் உடைந்த கிட்டாரை வாங்கினாள். சூடான கத்தியால் மூட்டு மூட்டாய்ப் பிரித்து மேசையில் பரப்பினாள். கல்யாண வீடுகளில் இரவல் கிட்டார் வாசிக்கும் கணவன் எவோதியோ சாப்பிட உட்கார்ந்தால், தட்டுக்கு முன்னால் ஒரு துண்டு வந்து விழும்.

"இது?"

"புருவம். தந்தி அது மேல ஏறித்தான் தலைக்குப் போகும். எலும்புல செய்யணும்."

"இது?"

"குதிரை. தந்தியோட மறுமுனை இதுலதான் கட்டியிருக்கும். முதல்ல சோத்தப் போடுடி."

தந்தியை இறுக்கும் முறுக்காணி, கழுத்தில் விரல் பதியும் மெட்டு, சத்தம் வெளிவரும் வாய், வாயைச் சுற்றி அவளுடைய வளையம், பலகைக்கு அடியில் விசிறிபோல் விரிந்த விலாக் கட்டைகள். எது எதைத் தாங்குகிறது, எது பிசகினால் எது அழும் என்று ஒரு வருடம் மனத்தில் ஏற்றினாள். ஒவ்வொரு பெயரோடும் அந்தச் சிரிப்பும் ஏறியது.

அடுத்த ஆகஸ்டுப் போட்டியில் மேஸ்திரி கிட்டாரை நடுவர் மேசையில் வைத்ததும் முன்னால் போய் நின்றாள்.

"மேஸ்திரி, வாயச் சுத்தி இருக்கிற வளையத்துல எத்தன மரம்?"

"போ, அப்புறம் பேசலாம்."

"நியாயமான கேள்விதானே, சொல்லுங்க" என்றார் நடுவர்.

"அஞ்சு."

"ஏழு. போன வருஷம் நான் செஞ்சு விட்டுட்டு வந்த வளையத்துல ஒண்ணு. ஓரத்துல இருக்கிறது ஆரஞ்சு மரம். புருவம் எலும்பில்ல, பிளாஸ்டிக். குதிரைக்கு அடியில வார்னிஷச் சுரண்டாமலே ஒட்டியிருக்கார். மழை முடியறதுக்குள்ள பிடுங்கிக்கும்."

நடுவர் ஒரு காகிதத்தைக் குதிரைக்கு அடியில் செருகினார். பாதிவரை போயிற்று. போன வருடம் சிரித்த அதே வாய்கள் சிரித்தன. ஒப்தூலியா மட்டும் சிரிக்காமல், மேஸ்திரியின் கழுத்து சிவப்பதை நின்று பார்த்தாள்.

இப்போது அவள் வளையம் எல்லாப் பட்டறைக்கும் போகிறது, ஒன்றைத் தவிர. சென்ற மாதம் மழையில் நனைந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி மேஸ்திரியே வளையம் கேட்டு வந்தார். மத்தியானம்வரை உட்கார வைத்துவிட்டு, "இருக்கிற வளையம் எல்லாத்துக்கும் வேற ஆளுங்களுக்கு வாக்குக் குடுத்தாச்சு" என்றாள்.

அவர் தெரு திரும்பியதும் எவோதியோ சொன்னான்: "பாவம்டி. போதும், விட்டுடு."

"பாவமா இருந்தா நீ போய் அவருக்குச் சீவிக் குடு" என்று ஒப்தூலியா அடுத்த சீவலை எடுத்தாள்.