ஏணிக்காரர் விழும் இடம்

அமாவாசையன்று தறிகளுக்கு விடுமுறை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் ஜாஃபர் தன் வீட்டுக் கூடத்து ஜன்னல்களை அடைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுவார். கையால் சுற்றும் பழைய புரொஜெக்டருக்கு எல்.இ.டி. பல்பு மாட்டிக்கொண்டே, "நகந்து குந்துங்கபா, தலை மறைக்குது" என்று தெருக்காரர்களை அதட்டுவார். அந்த அதட்டலுக்கு இதுவரை யாரும் பயந்ததில்லை.

படம் ஒன்றே ஒன்றுதான். பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு குண்டு மனிதர் தோளில் நீள ஏணியோடு வருவார். யார் கூப்பிட்டாலும் திரும்புவார். ஏணியின் மறுமுனை போலீஸ்காரரைப் பதம் பார்க்கும். கடைசியில் அவரே சுண்ணாம்புத் தொட்டியில் விழுவார். வாலாஜாபாத் பழைய இரும்புக்கடையில் தகர டப்பாவோடு கிடைத்த சுருள் அது. நடிகர் யாரென்று தெரியாது. சென்னையிலிருந்து வந்து பார்த்த சேகரிப்பாளர் ஒருவர், இன்னொரு பிரதி இருப்பதாகவே தெரியவில்லை, இனி ஓட்டாதீர்கள் என்று கெஞ்சினார். நகல் எடுக்க ஆள் அனுப்புகிறேன் என்று போனவர், போனவர்தான்.

"டப்பாலயே வச்சிருந்தா யாருக்குபா சிரிப்பு வரும்? டப்பாவுக்கா?" என்பார் ஜாஃபர்.

வாய்தான் அப்படி. பயம் அவருக்கும் உண்டு. ஏணிக்காரர் விழும் இடத்தில் பிலிம் நைந்திருக்கிறது. தறிகளுக்கு ஜரிகை சுற்றித் தருவது ஜாஃபரின் தொழில். நைந்த இழை வந்தால் ராட்டையைத் தானாக மெதுவாக்கிவிடும் கை, இங்கேயும் அதையே செய்யும். தடாலென்று விழவேண்டிய மனிதர் மெத்தையில் படுப்பதுபோல நிதானமாக இறங்குவார். அதுவரை சிரித்த கூட்டம் கப்சிப். அடுத்த அமாவாசை வரை ஜாஃபருக்கு அதே குறைதான்.

இந்தத் தடவை மனைவி உம்முசல்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். "அந்தாளு விழறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன். வேகமா சுத்துங்க."

"அறுந்துடும் உம்மு."

"அறுந்தா அறுந்துட்டுப் போவுது. நீங்க பயந்துக்கினே சுத்துனா யாரு சிரிப்பாங்க? ஒரு தபாவாவது அவரு ஒழுங்கா விழட்டும்."

ஏணி திரும்பியது. போலீஸ்காரரின் தொப்பி பறந்தது. நைந்த இடம் நெருங்கியதும் ஜாஃபர் பிஸ்மி சொல்லிக் கைப்பிடியை வேகமாகச் சுற்றினார். மனிதர் தொபுக்கடீரென்று விழுந்தார். சுண்ணாம்பு சிதறியது. கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. உம்முசல்மா முந்தானையால் வாயைப் பொத்தியும் அடக்கமுடியாமல் சுவரில் சாய்ந்து குலுங்கினார்.

பிலிம் அறுந்துவிட்டது. வேட்டியில் வெறும் வெளிச்சம். ஜாஃபர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மனைவியைப் பார்த்தபடி கைப்பிடியை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்.